கம்பெனி மாறினால் குற்றமா?

வெளிநாட்டுத் தொழிலாளி முதலாளியை மாற்றிக்கொள்ள வளைகுடா நாடுகளே வழி திறந்துவருகின்றன. இந்தியாவுக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்கு அந்த வழி உண்டா? ஒரு காலத்தில் இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றிய கொல்கத்தாவிலிருந்து ஓர் அலசல்.

சிமா ஒகோரி என்ற பெயரைச் சொன்னால், ஐம்பது வயதைத் தாண்டிய கொல்கத்தா கால்பந்து ரசிகர் யாருக்கும் முகம் மலர்ந்துவிடும். நைஜீரியாக்காரர். 1980-களின் நடுவில் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்காக ஆடத் தொடங்கியவர், அங்கிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 1991-ல் மோகன் பகானுக்கு மாறினார். அந்தக் கிளப்பின் சட்டையை அணிந்த முதல் வெளிநாட்டவர் அவர்தான். ஆட்டக்காரர்கள் அணி மாறும் பருவம் அந்நாட்களில் கொல்கத்தாவில் இன்னொரு திருவிழா. கையெழுத்துப் போடும் நாள்வரை எதிரணி தூக்கிப் போய்விடக் கூடாது என்று ஆட்டக்காரர்களைக் கிளப் ஆட்கள் ரகசிய இடங்களில் ஒளித்துவைத்த கதைகளை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அலுவலக மொழியில் சொன்னால், ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி ஒரே ஊருக்குள் இரண்டு முறை முதலாளி மாறினார். ஊர் அதைக் கொண்டாடியது.

அதே ஊரில், பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு நட்சத்திர ஓட்டலில் வேலை பார்க்கும் தாய்லாந்துச் சமையல்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எதிர்ச்சாரியில் உள்ள ஓட்டல் கூடுதல் சம்பளம் தருவதாகக் கூப்பிடுகிறது. நம் ஊர்ச் சமையல்காரராக இருந்தால் கணக்கை முடித்துக்கொண்டு மறுநாளே அந்த அடுப்படியில் நிற்பார். தாய்லாந்துக்காரர் அப்படிச் செய்ய முடியாது. சாலையைக் கடக்க அவர் பாங்காக் வழியாகப் போக வேண்டும்.

விசாவில் ஒரே பெயர்

இந்தியாவுக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டவர் ‘எம்ப்ளாய்மென்ட் விசா’ எடுக்க வேண்டும். ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. தங்கள் நாட்டு உணவைச் சமைக்க வரும் சமையல்காரர்கள், ஆங்கிலம் அல்லாத மொழிகளைக் கற்பிப்பவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், தூதரக ஊழியர்கள் ஆகியோருக்கு இந்தச் சம்பள வரம்பில் விலக்கு. விசா 180 நாளுக்கு மேல் என்றால், வந்திறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். கொல்கத்தாவில் அந்த அலுவலகம் இருப்பது 237, ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில். எல்லோரும் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்றுதான் சொல்கிறார்கள். இப்போது பெரும்பாலான வேலை இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. அங்கே கிடைக்கும் தங்கும் அனுமதிச் சீட்டுதான் வங்கிக் கணக்கு முதல் வாடகை வீடு வரை எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

இந்த விசா ஒரு நிறுவனத்தின் பெயரோடு கட்டப்பட்டது. விசா நடப்பில் இருக்கும்போது இந்தியாவுக்குள்ளேயே முதலாளி மாற அனுமதி இல்லை. முக்கிய விலக்கு, தாய் நிறுவனத்துக்கும் அதன் துணை நிறுவனத்துக்கும் இடையிலோ, ஒரே தாய் நிறுவனத்தின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு இடையிலோ மாறுவது. அதற்கும் அரசின் முன் அனுமதி வேண்டும். மற்ற எல்லோரும் வேலையை விட்டு, நாட்டை விட்டு, சொந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் புது முதலாளியின் கடிதத்தோடு புது விசா கேட்டு, திரும்ப வந்து, மறுபடியும் 14 நாளுக்குள் பதிய வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு புது விசா கிடைக்காமல் போனால் பழைய வேலையும் இல்லை, புது வேலையும் இல்லை.

விதியில் இன்னொரு வரியும் உண்டு. வெளிநாட்டவரை வேலைக்கு வைத்த இந்திய நிறுவனம், அவர் இங்கே தங்கியிருக்கும் காலத்தில் அவருடைய நடத்தைக்குப் பொறுப்பு. விசா முடிந்ததும் அவர் வெளியேறுவதற்கும் பொறுப்பு. வளைகுடாவில் வேலை பார்த்த தமிழர் யாரிடமாவது இந்த வரியை வாசித்துக் காட்டினால், யோசிக்காமல் பதில் சொல்வார்: இதுதானே கஃபீல், விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி!

விதியை மீறினால் என்ன ஆகும்? 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1920, 1939, 1946, 2000 ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை ஒழித்து வந்தது. விசா நிபந்தனையை மீறினால் மூன்று ஆண்டுவரை சிறை, மூன்று லட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது அது. எதிர்ச்சாரி ஓட்டலில் அனுமதி இல்லாமல் வேலைக்குப் போவதும் விசா நிபந்தனையை மீறுவதுதான்.

வாட்ச்மேனுக்கு உள்ள சுதந்திரம்

அதே ஓட்டலின் வாசலில் காவலுக்கு நிற்பவர் நேபாளக்காரராக இருக்கலாம். கொல்கத்தாவின் மார்வாடி வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் நேபாள தர்வான்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்க்கிறார்கள். அவர்களும் வெளிநாட்டவர்தான். ஆனால் 1950 ஜூலை 31 அன்று கையெழுத்தான இந்திய - நேபாள நட்புறவு ஒப்பந்தத்தின்படி அவர்கள் இங்கே தங்கவும் தொழில் செய்யவும் நடமாடவும் விசா வேண்டாம். சம்பளம் கட்டுபடியாகவில்லை என்றால் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடலாம். யாரிடமும் கடிதம் வாங்க வேண்டியதில்லை.

வருமானத்தில் ஓட்டலின் வெளிநாட்டுச் சமையல்காரருக்கும் வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் ‘இந்த வேலை எனக்கு வேண்டாம்’ என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் வாட்ச்மேனுக்குத்தான் அதிகம். முக்கால் நூற்றாண்டாக இந்த ஏற்பாடு நடந்துவருகிறது. முதலாளி மாறும் உரிமையைக் கொடுத்ததால் நாடு நிலைகுலைந்துவிடவில்லை.

கல்கத்தாவில் பிறந்த சட்டம்

தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் யோசனை வளைகுடாவில் பிறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் பழைய வேர் ஒன்று கொல்கத்தாவிலேயே இருக்கிறது. ‘கல்கத்தா டிரேட்ஸ் அசோசியேஷன்’ என்ற வெள்ளைக்கார வணிகர் சங்கம் அரசிடம் முறையிட்டது: முன்பணம் வாங்கிக்கொண்டு கைவினைஞர்களும் கூலிகளும் ஓடிப்போகிறார்கள், இதற்கு ஒரு வழி செய்யுங்கள். அதன் பலன்தான் 1859-ன் 13-ஆம் சட்டம். முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் மாகாணத் தலைநகரங்களுக்காக வந்தது. முன்பணம் வாங்கியவர் வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடித்துக் கொடு என்று உத்தரவு வரும். கேட்கவில்லை என்றால் மூன்று மாதம்வரை கடுங்காவல். இரண்டு பேருக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் தகராறு, ஒரு தரப்புக்கு மட்டும் ஜெயில் விவகாரமாக ஆனது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள்வரை இந்தச் சட்டம் போனது. 1865-ல் வந்த இன்னொரு சட்டம் ஒருபடி மேலே போய், ஓடிப்போகும் தொழிலாளியைத் தோட்டத் துரையே பிடித்துவைக்கலாம் என்றது. 1859 சட்டத்தை நீக்க 1925 வரை ஆனது.

இதே காலத்தில் ஹூக்ளி நதிக்கரை டிப்போக்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டே இருந்தன. 1834-ல் ‘அட்லஸ்’ கப்பல் 36 பேரோடு மொரீஷியஸுக்குக் கிளம்பியது. 1838-ல் ‘விட்பி’ பிரிட்டிஷ் கயானாவுக்கு, 1873-ல் ‘லல்லா ரூக்’ சூரினாமுக்கு, 1879-ல் ‘லியோனிடாஸ்’ பிஜிக்கு. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போனார்கள். 1860-ல் நேட்டாலுக்குத் தமிழர்களையும் தெலுங்கர்களையும் ஏற்றிப்போன ‘ட்ரூரோ’ கிளம்பியது அங்கிருந்துதான். பல குடியேற்றங்களில் ஐந்து ஆண்டு ஒப்பந்தம். அதற்குள் தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். வேலைக்கு வராவிட்டால் அபராதம், சிறை. 1917-ல்தான் இந்த ஆள்சேர்ப்பு நின்றது. கார்டன் ரீச்சில் சூரினாம் காட் என்ற படித்துறையில், மூட்டையோடு புறப்பட்டு நிற்கும் ஆண், பெண் சிலை ஒன்று உண்டு. 2015-ல் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் திறந்துவைத்தார்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் கிடையாது. காகிதப்படி ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். ஆனால் அங்கே கட்டிப்போட்டது கடன். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஆள்சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணம், கப்பல் செலவு, அரிசிக் கணக்கு எல்லாம் தலையில் ஏறியிருக்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் துரையிடமிருந்து ‘துண்டு’ வாங்க வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்பது அதன் சாரம். துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்துக்குப் போவார். புது துரை பழைய கடனைக் கட்டி, மேலும் கொஞ்சம் முன்பணமும் கொடுப்பார். ஆக, ஒவ்வொரு மாற்றத்திலும் தலைக்கடன் ஏறியது. 1921-ல் இலங்கை அரசு கட்டளைச் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தது. துண்டு போய்விட்டது, அது செய்த வேலையைப் பின்னாளில் வளைகுடாவில் என்.ஓ.சி. என்ற, பழைய முதலாளியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் செய்தது.

‘ரிலீஸ்’ தருவாரா?

ராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ வளைகுடா ரிட்டர்ன் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். இகாமா (தங்கும் அனுமதி அட்டை), கஃபீல், ரிலீஸ் (வேலை மாற முதலாளி தரும் சம்மதம்), ஹுரூப் என்று தானாக வந்து விழும். கம்பெனி ரிலீஸ் தராமல் இழுத்தடிப்பதும், கேட்ட குற்றத்துக்கு ஹுரூப் போட்டு ஓடிப்போனவன் என்று பதிவு செய்துவிடுவதும் அவர்களுக்குச் சாதாரணக் கதைகள். முர்ஷிதாபாத்திலிருந்தும் நதியாவிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகும் வங்காளத் தொழிலாளிக்கும் இதே கதைதான். பத்தாம் வகுப்பு தாண்டாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அதைத் தரும் ‘புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்’ அலுவலகம் சென்னையைப் போலவே கொல்கத்தாவிலும் இருக்கிறது.

அங்கே காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020-ல் கத்தார், பழைய முதலாளியின் என்.ஓ.சி. இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு சவூதி அரேபியா, 2022-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் புதுத் தொழிலாளர் சட்டம். இஸ்ரேலில் 2006-லேயே, தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டும் விசா முறை நவீன அடிமைத்தனம் போன்றது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காகிதத்தில் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. சவூதியின் சீர்திருத்தம் வந்தபோது வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர், பண்ணையாள் எல்லோரும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே இல்லை. கத்தாரில் சட்டம் மாறிய பிறகும், பழைய முதலாளி கையெழுத்திட்ட ராஜினாமாக் கடிதம் கேட்டு விண்ணப்பங்கள் முடங்கியதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன.

இதையெல்லாம் விடப் பெரிய பூட்டு, ஊரிலேயே போடப்படுகிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது இந்திய விதி. நடப்பது வேறு. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, அதைவிடப் பல மடங்கு கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு, முதல் வருடச் சம்பளம் கடனுக்கே சரியாகிவிடும். அந்த நேரத்தில் சட்டம் என்ன உரிமை தந்தாலும், மாதச் சம்பளம் ஒன்று நின்றுபோகும் ஆபத்தை அவரால் எடுக்க முடியாது. கங்காணியின் கடன் கணக்கு ஏஜென்ட்டின் கணக்காக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பொறி ‘ஃப்ரீ விசா’. ஒரு கஃபீலின் பெயரில் விசா எடுத்து, அவருக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்பது ஏஜென்ட் சொல்லும் கதை. இகாமாவில் ஒரு பெயர், வேலை செய்வது வேறு இடத்தில் என்றால் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி தொழிலாளிதான். சோதனையில் பிடிபட்டால் கஃபீல் கையைக் கழுவிவிடுவார். கேட்ட கம்பெனிக்கெல்லாம் மாறலாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த விசா அது இல்லை.

மாறும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

கத்தார்: வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுவரை என்றால் ஒரு மாத நோட்டீஸ், அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம். தொழிலாளர் அமைச்சகத்தின் இணையதளம் வழியாகவே அறிவிக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடம், சாப்பாடு தராத கம்பெனி 500-ம் 300-ம் கூடுதலாகத் தர வேண்டும்.

சவூதி அரேபியா: முதல் ஆண்டு முடிந்த பிறகு 90 நாள் நோட்டீஸ் கொடுத்து ‘கிவா’ தளம் வழியாக மாறலாம். மூன்று மாதம் தொடர்ந்து சம்பளம் வராவிட்டாலோ, இகாமா காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாவிட்டாலோ முதலாளியின் சம்மதம் இல்லாமலே மாற இடமுண்டு.

ஐக்கிய அரபு அமீரகம்: சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் அங்கேயே வேறு கம்பெனிக்குப் போனால் ஒரு மாத நோட்டீஸ்; பழைய கம்பெனியின் ஆள்சேர்ப்புச் செலவைப் புது கம்பெனி ஈடுகட்ட வேண்டும். சோதனைக் காலம் முடிந்த பின் ஒப்பந்தப்படி 30 முதல் 90 நாள்.

சிங்கப்பூர்: கட்டுமானத் துறை வொர்க் பர்மிட்டில், முடிய 40 முதல் 21 நாள் மிச்சம் இருக்கும்போது பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளி விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்கா: ஹெச்-1பி விசாக்காரர், புது கம்பெனி மனு தாக்கல் செய்ததுமே அங்கே வேலையைத் தொடங்கலாம். வேலை போனால் 60 நாள்வரை அவகாசம்.

எங்கே இருந்தாலும்: புது ஒப்பந்தம் கையில் வராமல் பழையதை விடாதீர்கள். ராஜினாமாவை எழுத்தில், தேதியோடு கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம், இகாமா, சம்பளம் வந்த வங்கிப் பதிவு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். வேலைக்கு வரவில்லை என்று கம்பெனி புகார் கொடுத்திருக்கிறதா என்று அந்த நாட்டு அரசு ஆப்பில் அவ்வப்போது பாருங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். சிக்கல் என்றால் தூதரகம், இந்திய அரசின் ‘மதத்’ தளம், தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை ஆகியவற்றில் முறையிடலாம்.

இந்தியா என்ன செய்யலாம்?

நம் சட்டப் புத்தகத்திலேயே இதற்கான விதை இருக்கிறது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27 சொல்கிறது. 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்காக வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பதையே கொத்தடிமையின் அடையாளங்களில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. ஆசிய விளையாட்டுத் தொழிலாளர்கள் வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம், வறுமையின் நெருக்கடியும் கட்டாய உழைப்புக்குக் காரணமாகலாம் என்றது.

விரும்பிய தொழில் செய்யும் உரிமையைத் தரும் 19-வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும்தான். ஆனால் சமத்துவமும் (14), உயிரும் தனிமனிதச் சுதந்திரமும் (21), கட்டாய உழைப்புக்குத் தடையும் (23) இந்த மண்ணில் நிற்கும் எல்லோருக்கும் உண்டு. ஹவுரா ரயில் நிலையத்தில் வங்கதேசப் பெண் ஒருவருக்கு நேர்ந்த கொடுமை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் இதை உறுதி செய்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்த போலந்து மாணவருக்கு எஃப்.ஆர்.ஆர்.ஓ. கொடுத்த ‘நாட்டை விட்டு வெளியேறு’ நோட்டீஸை, கல்கத்தா உயர் நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது.

முதலாளி மாற விட்டால் ஆள் கண்காணிப்பிலிருந்து நழுவிவிடுவார் என்பது அதிகாரிகளின் வழக்கமான கவலை. உண்மையில் நழுவுவது, சட்டப்படி மாற வழியில்லாதவர். வழி இருந்தால் அவரே வந்து புது முகவரியைப் பதிவார். பதிவுத் தளம் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது. முதலாளி மாற்றத்துக்கு ஒரு படிவம் சேர்த்தால் போதும். உள்ளூர் வேலைகள் பறிபோகும் என்ற பயத்துக்குச் சம்பள வரம்பு ஏற்கெனவே காவல் நிற்கிறது. புது வேலைக்கும் அதே வரம்பை வைக்கலாம். கூட்டிவந்த செலவு வீணாகிறதே என்று முதலாளி கேட்டால், புதியவர் பழையவருக்கு ஈடுகட்டட்டும் என்ற அமீரகத்தின் ஏற்பாடு கண்முன் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் திருத்திய ஒற்றை அனுமதி விதி, வேலை மாறும் உரிமையோடு, வேலை போனாலும் குறைந்தது மூன்று மாதம் தங்கி வேறு தேடும் அவகாசத்தையும் எழுதி வைத்திருக்கிறது.

இந்தியாவில் வேலை விசாவோடு இருக்கும் வெளிநாட்டவர்கள் வெளிநாட்டில் உழைக்கும் இந்தியர்களோடு ஒப்பிட்டால் ஒரு கைப்பிடி. பெரும்பாலோர் நல்ல சம்பளக்காரர்கள். அவர்களுக்காக ஏன் இவ்வளவு வரிந்துகட்ட வேண்டும் என்று கேட்கலாம். பதில் எளிது: ரியாத்திலும் தோஹாவிலும் நம் தூதர்கள் உட்கார்ந்து பேசும் மேஜையில், எதிரே இருப்பவர் நம் விதிப் புத்தகத்தையும் வாசித்திருப்பார். நடத்தைக்கும் வெளியேற்றத்துக்கும் முதலாளியே பொறுப்பு என்று நாமே எழுதி வைத்துக்கொண்டு, கஃபீல் முறையைக் கைவிடுங்கள் என்று அவரிடம் எந்த வாயால் கேட்பது?

செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, 60 நாளோ 90 நாளோ அவகாசம் கொடுத்து, நாட்டுக்குள்ளேயே முதலாளி மாற உள்துறை அமைச்சகம் அனுமதிப்பது. விசா விதியைத் திருத்தினாலே போதும், புதுச் சட்டம் வேண்டியதில்லை. இரண்டாவது இதைவிடக் கடினம்: 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஏஜென்ட்டை உண்மையாகவே உள்ளே தள்ளுவது. அது நடக்காதவரை கத்தார் எத்தனை சட்டம் போட்டாலும், முர்ஷிதாபாத்துக்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் கடன் அடையும்வரை முதல் முதலாளியிடமே கிடப்பார்கள். துண்டை ஒழித்த பிறகும் கடன் ஒழியாமல் நம் தோட்டத் தமிழர்கள் பட்ட பாடு அதற்குச் சாட்சி.